வேப்பிலை கட்டிய சனிக்கிழமை

எனக்கு அம்மை வந்ததே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ரங்கூனில் அலோன் பக்கத்தில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்து இதைப் படித்தால் நம்பமாட்டார்கள். "உனக்கா வரவில்லை? நாங்கள்தானே வாசலில் நின்றோம்" என்பார்கள். நின்றார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து காலமானவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னைப் பத்தாவது வரை படிக்கவைத்துவிட்டுத்தான் போனார். அந்தப் படிப்பினால் ஆற்றோரத்து மரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அம்மாவும் நானும் ஒரு சந்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, அதற்கு அப்பால் கம்பெனியின் தேக்குக் கட்டைகள்.

எங்கள் தெருக்களில் ஒரு ஹாக்கி குழு இருந்தது. கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், மூட்டைக்கு எடை போடுகிறவர்கள், தச்சர் ஒருவர், இடதுகோடியில் ஆடிய பர்மியர் ஒருவர். அவரை எல்லோரும் 'அக்கோ' என்போம். பர்மியப் பேச்சில் அது அண்ணன். பதினோரு பேரில் இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு அங்கே பேரே குமாஸ்தா. திங்கட்கிழமை இங்கிலீஷ் பத்திரிகையில் நாங்கள் ஆடிய ஆட்டம் நாலு வரி வந்திருந்தால் நான் படித்துச் சொல்ல, மற்றவர்கள் சாயாவை ஆறவிட்டுக் கேட்பார்கள். ரங்கூன் லீக்கில் எங்கள் குழு இரண்டாம் டிவிஷன். எல்லோருக்கும் வெறுங்கால்.

நான் நடு ஃபார்வர்டு. அந்தக் காலத்தில் ஆட்டத்தைத் தொடங்குவது புல்லி. பந்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கத்து ஃபார்வர்டுகளும் எதிரெதிரே நின்று, தரையை ஒரு தட்டு, எதிராளியின் ஹாக்கிக் கட்டையை ஒரு தட்டு, இப்படி மூன்று முறை தட்டிவிட்டுப் பந்தைப் பறிக்கவேண்டும். மூன்றாவது தட்டுக்கும் பறிப்பதற்கும் நடுவே கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும். அந்த நேரம் எனக்குச் சொந்தமாக இருந்தது. இதில் அடக்கம் காட்டுவது பொய்யாகும். ரங்கூனில் என்னிடமிருந்து புல்லியைப் பறித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கம்பெனிக்கும் ஒரு குழு இருந்தது. அது முதல் டிவிஷன். வெள்ளைக்காரர்களும் சட்டைக்காரர்களும் ஆடுவார்கள். ஆங்கிலோ இந்தியர்களை நாங்கள் சட்டைக்காரர் என்றுதான் சொல்வோம். அவர்களுக்கு ஆள் குறைந்தால் வெள்ளிக்கிழமை மாலை பியூன் என் மேஜைக்கு ஒரு சீட்டைக் கொண்டுவருவான். நான் மேலே போவேன். யாரோ ஒருவருடைய பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வலதுகோடியில் நிற்பேன். எனக்குப் பந்து வராது. இடைவேளையில் லெமனேட் வரும். அடுத்த வாரம் அவர்கள் ஆள் திரும்பிவிடுவார், நான் கீழே வந்து எங்கள் பையன்களோடு ஆடுவேன். "வாங்க துரை" என்பார்கள். "லெமனேட் எங்கே?" என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள்.

லீக்கில் ஒரு விதி. கீழ் டிவிஷன்காரன் ஒரு பருவத்தில் மூன்று ஆட்டம் வரைக்கும் மேலே இரவல் போகலாம். நான்காவது ஆட்டம் ஆடினால் அவன் மேல் குழுவின் ஆள். மாசி மாதத்துக்குள் நான் மூன்று ஆட்டம் ஆடி முடித்திருந்தேன்.

அந்த மாசியில்தான் எங்கள் குழு கடைசி ஆட்டத்துக்கு வந்தது. ஜெயித்தால் நாங்கள் எல்லோரும் மொத்தமாக முதல் டிவிஷனுக்குப் போவோம். ஆட்டம் சனிக்கிழமை, டவுன் மைதானத்தில். வெள்ளிக்கிழமை பியூன் சீட்டோடு வந்தான். கம்பெனியின் நடு ஃபார்வர்டுக்கு முழங்கால் வீங்கிவிட்டதாம். நாளை மிங்கலாடோனில் பட்டாளத்துக் குழுவோடு ஆட்டம். நீ நடுவில் ஆடு. வலதுகோடி இல்லை, நடு. அதுவும் நான்காவது ஆட்டம்.

எங்கள் கேப்டனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் வின்ச் ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பின்காப்பில் ஆடுவார். "போகாதே" என்று சொல்லியிருக்கமாட்டார். "போ" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த "போ"வைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்களை விட்டுவிட்டுப் போகவும் வேண்டும், விட்டுவிட்டுப் போனவன் என்று பெயர் வாங்கவும் கூடாது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அம்மா அந்த வாரம் க்யிம்யிண்டைங்கில் சித்தியின் பிரசவத்துக்குப் போயிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். சனிக்கிழமை விடிவதற்கு முன் நான் எழுந்து, அம்மன் கோயில் மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து எங்கள் வாசல் நிலையில் செருகினேன். அவ்வளவுதான். எங்கள் ஜனங்களிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. வாசலில் வேப்பிலை இருந்தால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள். வெளி ஆள் நிலைப்படி தாண்டமாட்டான். உள்ளே இருப்பவனை எழுப்பமாட்டான். இதில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். பிரசவ வீட்டுக்கு அம்மைச் செய்தி போகக்கூடாது என்பதால் அம்மாவுக்கும் யாரும் ஆள் அனுப்பமாட்டார்கள். இத்தனையையும் நான் யோசித்து வைத்திருந்தேன். படித்தவன் அல்லவா.

அடுத்த வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். "தம்பி, முத்து போட்டிருக்கா?"

நான் உள்ளேயிருந்து முனகினேன்.

"பேசாதே. எளனி வச்சிருக்கேன். இன்னிக்கு எங்க வீட்டிலயும் தாளிக்கல."

அவள் போன பிறகு பின்பக்கமாகச் சாக்கடையைத் தாண்டி, தேக்குக் கட்டைகளுக்கு நடுவே நடந்து, கம்பெனி லாரியைப் பிடித்தேன்.

மிங்கலாடோன் அப்போது ஊருக்கு வடக்கே வெகு தூரம். பட்டாளத்து மைதானம் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடந்தது. அங்கே ஒரு தமிழ் முகம்கூட இல்லை. முதல் புல்லியில் எனக்கு எதிரே செம்பட்டை மீசை வைத்த ஒரு சோல்ஜர் நின்றான். மூன்று தட்டு. பந்து என்னிடம். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன், எங்கே போயிற்று என்று இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அன்றைய ஆட்டத்தை இன்று நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. நடுவில் நிற்கிறவனுக்குப் பந்து கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்தார்கள். முதல் கோல் வட்டத்தின் விளிம்பிலிருந்து அடித்தது. பலகையில் பட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் கோல்கீப்பர் காலை நகர்த்தினான். இரண்டாவது, இரண்டு பின்காப்பு ஆட்களுக்கு நடுவே பந்தைக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு போய், கீப்பரையும் தாண்டி, சும்மா தள்ளிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கம்பெனி குழுவின் கேப்டன் ஒரு சட்டைக்காரர். அவர் என் தோளில் கை போட்டு, "இனி நீ எங்கள் ஆள்" என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குத் தனியாக இரண்டு பாட்டில் லெமனேட் கொடுத்தார். திரும்பும்போது லாரியில் என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். டவுன் மைதானத்து ஆட்டத்தைப் பற்றி நான் அந்த வழி முழுவதும் ஒரே ஒரு தடவைதான் நினைத்தேன். அதுவும், தோற்றிருந்தால் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

லாரி பெரிய தெருவில் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் சந்து முனைக்கு வந்ததும் வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என் வீட்டு வாசலில் எங்கள் குழு மொத்தமும் நின்றது. நிலைப்படியிலிருந்து நாலடி தள்ளி, ஹாக்கிக் கட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். கேப்டன் கையில் லீக் கோப்பை.

நான் திரும்பி ஓடினேன். தேக்குக் கட்டைகளைச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி, அடுக்களை வழியாக உள்ளே புகுந்தேன். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை. அப்படியே பாயில் விழுந்து கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது.

"குமாஸ்தா" என்று கேப்டன் வெளியேயிருந்து கூப்பிட்டார். "எழுந்திருக்காதே. படுத்துக்கிட்டே கேளு."

"என்னண்ணே" என்றேன்.

"மூச்சு வாங்குது பாருங்க" என்றான் எங்கள் கோல்கீப்பர். எடை போடுகிறவன், என் வயதுக்காரன், என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். "பேசவிடாதீங்கண்ணே. மாப்ளே, நான் சொல்றேன். ஜெயிச்சாச்சுடா. ஒண்ணுக்கு சைபர். மேலே போயாச்சு."

"யாரு போட்டது?"

"அண்ணன்தான். உன் எடத்துல வேற ஆள் இல்லை, அவரை முன்னாடி விட்டோம். புல்லியில மூணு தட்டு தட்டச் சொன்னா நாலு தட்டு தட்டிட்டு எதிராளி மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறாரு."

"எண்ணிக்கை மறந்துபோச்சுடா" என்றார் கேப்டன். "வின்ச்சுல நாலு தட்டினாத்தான் தூக்குவோம்."

"கோல் எப்படிண்ணே விழுந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. பந்து வந்து கட்டையில பட்டுது. திரும்பிப் பாக்கறேன், உள்ளே கெடக்கு. அதுக்குள்ள இவனுங்க என்மேல ஏறிட்டானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மை வீட்டு வாசல் என்று நினைவு வந்ததும் ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள். அக்கோ மட்டும் பர்மிய மொழியில், உடம்பு தேவலையா என்று என்னைக் கேட்டார். தேவலை என்றேன்.

"கறிக்கு ஆடு பிடிச்சு வச்சிருந்தோம்" என்றான் கோல்கீப்பர். "திருப்பிக் கொடுத்தாச்சு. உனக்குத் தலைக்குத் தண்ணி விடறவரைக்கும் ஒருத்தன் வாயிலயும் கறி கெடையாது. இதைக் கேளு, நான் ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன். உன் மூஞ்சியில ஒரு தழும்பு விழக்கூடாது. விழலைன்னா பங்குனியில தீச்சட்டி எடுக்கறேன்."

"எனக்காகவாடா?"

"பின்னே யாருக்கு? அடுத்த வருசம் மேல ஆடப்போற மூஞ்சி. பேப்பர்ல போட்டோ போட்டா பாக்கிற மாதிரி இருக்க வேணாமா?"

கோப்பையை நிலைப்படிக்கு வெளியே, உள்ளேயிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு நிமிஷம் வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கம்பளிக்குள்ளிருந்து பார்த்தேன். அம்மை வீட்டுக்குள் வைத்த பொருளை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பதால் அதை எனக்காக அவ்வளவு தூரம்தான் கொண்டுவர முடிந்தது.

மறுநாள் காலை அம்மா வந்தாள். வேப்பிலையைப் பார்த்துப் பதறி உள்ளே வந்தவள், நான் உட்கார்ந்து பழைய சோறு தின்பதைப் பார்த்தாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. என் முன்னாலிருந்த சோற்றை எடுத்து அப்பால் வைத்தாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. வந்துட்டா. வந்தவளை என்ன, போன்னு சொல்லவா?"

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை."

"உனக்கு இல்லைடா. அவளுக்கு மரியாதை உண்டு இல்லையா. போய்ப் படு."

தரையில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தாள். மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரை வெளியே அனுப்பவில்லை. உப்பும் புளியும் இல்லாத கஞ்சி. வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர். ஒரு கொப்புளம் இல்லாத உடம்பின்மேல் காலையும் மாலையும் வேப்பிலைக் கொத்தால் தடவினாள். விளையாட்டாக அல்ல, நிஜமாகவே பயபக்தியோடு செய்தாள். கம்பெனியிலிருந்து பியூன் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சீட்டு கொண்டுவந்தான். "சின்னம்மை போட்டிருக்கு" என்று இரண்டு தடவையும் அம்மாவே வாசலில் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நான் வேலைக்குத் திரும்பியபோது என் நாற்காலி வெளியே வெயிலில் கிடந்தது. அதன்மேல் பினாயில் ஊற்றி வைத்திருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர் கம்பெனியின் நடு ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தார்.

மிங்கலாடோன் ஆட்டம் பத்திரிகையில் வந்தது. என் பெயர் இரண்டு முறை இருந்தது. எங்கள் பையன்களுக்குப் பத்திரிகை படித்துச் சொல்கிறவன் நான்தான். அந்தத் தாளை அவர்கள் கண்ணில் காட்டவில்லை. அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றி வந்த நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் படித்துக் காட்டினேன். கேப்டன் அந்தத் துண்டை வாங்கித் தலைப்பாகை மடிப்பில் வைத்துக்கொண்டார்.

பங்குனி வந்தது. என் முகத்தில் தழும்பு இல்லை. அதைப் பார்க்கத் தெருவில் நிறுத்தி என் தாடையைப் பிடித்துத் திருப்பாதவர்கள் இல்லை. கோல்கீப்பர் விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி எங்கள் தெருக்களைச் சுற்றிவந்தான். நான் பக்கத்திலேயே நடந்தேன். அவன் காலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முகத்தில் அனல் அடித்து வியர்வை ஓடியது; அவன் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. கோயிலில் சட்டியை இறக்கிய பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"ரொம்ப அரிச்சுதாடா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கேள்வியில் இடம் இருந்தது.

"ரெண்டாம் நாள் தாங்க முடியலை" என்றேன்.

வேப்பிலையை நான் கட்டியது ஒரு பையனின் ஆசையில் செய்த தப்பு. இது அப்படி இல்லை. நிதானமாக, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னது. அன்று வீட்டில் அம்மா, "நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த பருவத்தில் முதல் டிவிஷனில் எங்கள் முதல் வெற்றி வரட்டும், அன்றே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சந்தோஷமான நாளில் மன்னிப்பான் என்பது என் கணக்கு.

மழைக்காலம் போய் அடுத்த பருவம் வந்தது. கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில், நான் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நம் பையன்களோடு வந்துவிட்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

முதல் இரண்டு ஆட்டம் தோற்றோம். மூன்றாவது ஆட்டம் கம்பெனியோடு, டவுன் மைதானத்தில். அலோனிலிருந்து ஆட்கள் லஞ்சா என்கிற கை ரிக்‌ஷாவிலும் நடந்தும் வந்தார்கள். சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலில் அன்று பிற்பகல் வின்ச் ஓட்ட ஆள் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எதிரே பதினோரு ஜோடி பூட்ஸ். இந்தப் பக்கம் வெறுங்கால். கல்கத்தாக்காரர் புல்லிக்கு வந்து நின்றார். நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. மூன்று தட்டு. பந்து என்னிடம்.

இடைவேளைக்கு முன் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குப் பின் நான் ஒன்று போட்டேன், அக்கோ இடதுகோடியிலிருந்து தள்ளிக்கொடுத்தது. கடைசிப் பத்து நிமிஷம் அவர்கள் எங்கள் வட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். கோல்கீப்பர் காலால் தடுத்தான், கட்டையால் தடுத்தான், ஒரு தடவை நெஞ்சால் தடுத்துவிட்டு எழுந்து, "இன்னும் கொஞ்சம் பலமா அடிங்க துரை" என்று தமிழில் சொன்னான். அவன் வெளியே உதைத்த பந்து கேப்டனிடம் வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே மைதானத்தின் பாதி தூரத்துக்கு அடித்தார். நான் அதன் பின்னால் ஓடினேன். எனக்கு முன்னால் கீப்பர் ஒருவன்தான். அவன் வெளியே வருவதற்காக ஒரு அடி காத்திருந்தேன். வந்தான். அவன் வலது பூட்ஸுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

விசில் ஊதுவதற்கு முன்பே ஜனங்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். கம்பெனி கேப்டன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைக் குலுக்கி, "உன்னை விட்டிருக்கக்கூடாது" என்றார். என்ன சொல்கிறார் என்று எங்கள் கேப்டன் கேட்டார். இதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் சத்தம் போட்டார்கள். கோல்கீப்பர் குனிந்து என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டான். கப்பல் கூலிக்காரர்கள் முன்னால் தப்படித்துக்கொண்டு போனார்கள். ஆற்றோரமாகவே அலோன் வரை நடந்தோம்.

பாதி வழியில் அவன் தலையை அண்ணாந்து, "மாப்ளே, ஏதோ சொல்லணும்னியே காலையில" என்றான். ஆமாம், காலையில் மைதானத்துக்குப் போகும்போது சொல்லியிருந்தேன், ஜெயித்தால் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று.

கீழே அவன் முகம் வியர்வையில் பளபளத்தது. இருபுறமும் வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். என் பெயரை, குமாஸ்தா என்ற பெயரை, தெருவே கூவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லைடா. நீ இல்லைன்னா அஞ்சு கோல் வாங்கியிருப்போம்" என்றேன்.

"அதான் எனக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

அதற்குப் பிறகு, யுத்தம் ரங்கூனுக்கு வந்து எல்லோரும் சிதறும்வரை, பதினைந்து வருஷம் அவனோடு ஒரே தெருவில் இருந்தேன். சொல்லவில்லை. இப்போது அவன் இருக்கிறானா என்று தெரியாது. அன்று தோள்மேல் உட்கார்ந்து போனபோது என் மனசு உறுத்தியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. சந்தோஷத்தைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. வீட்டு வாசலில் அவன் என்னை இறக்கிவிட்டபோது, இன்னொரு தெரு சுற்றிவிட்டு வரலாமா என்றுதான் கேட்டேன். அவன் மறுபடி குனிந்தான்.